எண் எழுதிய நாற்காலி

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்கள் சண்டிகரை வெகுகாலம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது. 1997இல் வெளிவந்த மஞ்சள் நிறப் பத்து பிராங்க் தாளின் முன்பக்கத்தில் வட்டக் கண்ணாடியோடு இருப்பவர் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. தாளைத் திருப்பினால், அவர் நம் நாட்டில் எழுப்பிய சண்டிகர் அரசுக் கட்டடங்களின் முகப்புகள். உணவக வேலை முடிந்து நள்ளிரவு ரயிலுக்குச் சீட்டு எடுக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை கோயில் உண்டியலில் போடும்போதும் பஞ்சாபின் தலைமைச் செயலகம்தான் கைமாறியது. அப்படி ஒரு தாளை நான் செலவழிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டடங்களுக்குள் போடப்பட்ட நாற்காலி எங்கெல்லாம் போய் எங்கே வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கியதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

நாற்காலியைப் பலர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். தேக்குச் சட்டம். உட்காரும் இடமும் முதுகும் பிரம்புப் பின்னல். பக்கத்துக்கு ஒன்றாக, கவிழ்த்துப் போட்ட ‘வி’ எழுத்தைப் போல விரிந்து நிற்கும் கால்கள். அதன் மேல் ஒரு கைப்பிடி. இவ்வளவுதான். இதை உலகம் இன்று ‘சண்டிகர் நாற்காலி’ என்கிறது. ஏலக் கூடங்களில் ஒரு ஜோடி பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. செய்யப்பட்ட காலத்தில் இதற்குப் பெயரே கிடையாது. எண் மட்டும் இருந்தது.

1947இல் பஞ்சாப் இரண்டானபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிய நகரம் கட்ட முடிவானது. முதலில் திட்டம் வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடன் இருந்த மேத்யூ நொவிட்ஸ்கி 1950 ஆகஸ்டில் எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அந்த ஆண்டின் இறுதியில் நிர்வாகி தாப்பரும் தலைமைப் பொறியாளர் வர்மாவும் வேறு ஆள் தேடி ஐரோப்பா போனார்கள். லண்டனில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி. பாரிஸில் லெ கொர்புசியே. இவர் சுவிஸ் நாட்டுக் கடிகார நகரமான லா ஷோ-டி-ஃபோனில் 1887இல் பிறந்தவர். இயற்பெயர் ஷார்ல்-எதுவார் ஜான்னரே. தன்னால் இந்தியாவிலேயே வந்து தங்க முடியாது என்று சொன்னவர், கூடவே ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒருவர் உறவுமுறைத் தம்பி பியேர் ஜான்னரே, 1896இல் ஜெனீவாவில் பிறந்தவர்.

அண்ணனும் தம்பியும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிரிந்திருந்தவர்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1920களிலும் 30களிலும் பாரிஸில் ஒரே அலுவலகத்தில் உழைத்தார்கள். ஜெனீவாவின் ‘க்ளார்தே’ அடுக்ககம் இருவர் பெயரிலும் நிற்கிறது. சார்லோத் பெரியாந்துடன் மூவருமாகச் செய்த எஃகுக் குழாய் நாற்காலிகள் இன்றும் விற்கின்றன. 1940இல் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்தபோது அண்ணன் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசை அணுகினார். தம்பி எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் போனார். அந்தப் பிளவை ஆற்றியது சண்டிகர். 1951இல் வந்த அண்ணன் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோகிறவராகவே இருந்தார். தம்பி 1965 வரை பதினான்கு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தார்.

கட்டடம் எழுந்ததும் அடுத்த கேள்வி: உள்ளே என்ன போடுவது?

புதிதாகப் பிறந்த ஒவ்வொரு குடியரசும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1814இல் ஆங்கிலேயர் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கொளுத்தினார்கள். திரும்பக் கட்டிய மாளிகைக்கு 1817இல் குடிவந்த ஜேம்ஸ் மன்றோ, நீள்வட்ட வரவேற்பறைக்கான சாமான்களைப் பிரான்ஸிலிருந்து வரவழைத்தார். அவர் கேட்டது மஹோகனி மரத்தில். முகவர்களோ அப்படிப்பட்ட கூடத்தில் மஹோகனி வைக்கும் வழக்கம் இல்லை என்று விளக்கம் சொல்லி, பாரிஸ் தச்சர் பியேர்-அந்துவான் பெலாஞ்சே பீச் மரத்தில் செய்து தங்கமுலாம் பூசிய 53 சாமான்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். மன்னராட்சியை உதறிய நாட்டின் தலைவர் மாளிகைக்கு மன்னர் வீட்டு நாற்காலி வந்து சேர்ந்தது. அதன்பின் 1826இல், அந்த மாளிகைக்கு வாங்கும் சாமான்கள் கூடியவரை உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

சண்டிகரில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. அங்கே ஆளைத்தான் பாரிஸிலிருந்து கூட்டி வந்தார்கள். நாற்காலி உள்ளூரில் பிறந்தது. ஆளுநருக்கு லெ கொர்புசியே ஒரு மாளிகை வரைந்து வைத்திருந்தார். ஆளுநருக்கு இவ்வளவு பெரிய மாளிகை மக்களாட்சிக்குப் பொருந்தாது என்று நேரு தடுத்தார். அது கட்டப்படவே இல்லை. நகரத்தின் அரசுக் குடியிருப்புகளை 13 வகையாகப் பிரித்து, முதலமைச்சர் வீட்டிலிருந்து கடைநிலை ஊழியர் வீடு வரை எல்லாவற்றையும் ஜான்னரேவும் ஃப்ரையும் ட்ரூவும் பங்கிட்டு வரைந்தார்கள். சாமான்களும் அதே கணக்கில் வகைபிரிந்தன. நீதிபதிக்குத் தோல் மெத்தை, எழுத்தருக்குப் பிரம்பு. ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்தது. ஆனால் காலின் வடிவம் ஒன்று, மரம் ஒன்று. மேலே இருப்பவருக்குத் தங்கமும் கீழே இருப்பவருக்குப் பலகையும் என்று பிரிக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் மிகக் கௌரவமான செயல்களில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன்.

ஜான்னரே தச்சு வேலையை மதித்தவர். அமெரிக்காவின் நோல் நிறுவனத்துக்கு 1940களிலேயே கத்தரி போல் கால்கள் குறுக்கிடும் ஒரு நாற்காலி வரைந்திருந்தார். சண்டிகரின் ‘வி’ காலுக்கு அது அக்காள் முறை. இங்கே அவர் கையில் இருந்தவை வேறு பொருள்கள்: மூங்கில், கயிறு, இரும்புக் கம்பி, தேக்கு, பிரம்பு. தேக்கை எடுத்ததற்குக் காரணம் எளிது. கரையான் அண்டாது, மழைக்காலத்து ஈரத்தில் முறுக்காது. பிரம்புக்கும் காரணம் உண்டு. வட இந்தியாவின் மே மாத வெயிலில் மெத்தையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் பிரம்புப் பின்னலின் கண்களில் காற்று ஏறி இறங்குவதன் அருமை தெரியும். காலை ‘வி’யாக்கியதில் ஒரு தச்சு நியாயம் இருக்கிறது. முக்கோணம் ஆடாது. வளைத்து இழைக்க வேண்டிய துண்டு அதிகம் இல்லை. பலகையிலிருந்து நேராக அறுத்து, கழுந்து செதுக்கி, துளையில் இறக்கினால் வேலை முடிந்தது. பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை, ஒரு சிறிய பட்டறை போதும். அப்படித்தான் செய்தார்கள். வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தக்காரர்கள் பல பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். அதனால்தான் ஒரு நாற்காலியின் கால் மற்றொன்றின் காலைவிட ஒரு விரற்கடை தடித்திருக்கும், கைப்பிடியின் சாய்வு மாறும். அந்த வேறுபாடுகள் ஒவ்வொரு தச்சரின் கையெழுத்து. அவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் தெரிந்தும் மறக்கப்பட்ட ஒருவரும் இருக்கிறார். யூலி சௌத்ரி, சண்டிகர் குழுவில் இருந்த இந்தியப் பெண் கட்டடக் கலைஞர். சாமான்கள் வரைவதில் ஜான்னரேவோடு நெருங்கி உழைத்தவர். சில வடிவங்கள் அவருடையவையே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஏலப் பட்டியல்களிலோ நெடுங்காலம் ஜான்னரே என்ற ஒரே பெயர்தான் அச்சானது. சுவிஸ் பெயருக்குக் கிடைக்கும் விலை இந்தியப் பெயருக்குக் கிடைக்காது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1955 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தை நேரு திறந்துவைத்தார். 1958இல் 254 மீட்டர் நீளமுள்ள தலைமைச் செயலகம் முடிந்தது. பிறகு சட்டமன்றம், பல்கலைக்கழகம், நூலகங்கள், விடுதிகள், அரசு வீடுகள். எல்லா இடத்துக்கும் நாற்காலிகள் போயின. போன இடத்தில் ஒவ்வொன்றின் மீதும் பெயிண்டால் துறையின் பெயரையும் எண்ணையும் எழுதினார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட பெஞ்சின் மேல் வெள்ளை பெயிண்டில் ‘ஊ.ஒ.தொ. பள்ளி’ என்று எழுதியிருக்குமே, அதே வழக்கம். தளவாடப் பதிவேட்டில் ஒரு வரி, நாற்காலியில் ஒரு எண். இரண்டும் பொருந்தினால் அது மக்கள் சொத்து.

நாற்பது ஆண்டுகள் அவை உழைத்தன. வழக்காடுபவர்கள் சாய்ந்தார்கள், மாணவர்கள் தூங்கினார்கள், பிரம்பு அறுந்தது, மறுபடி பின்னினார்கள். உடல் நலம் குன்றிய ஜான்னரே 1965இல் சுவிட்சர்லாந்து திரும்பி, 1967 டிசம்பரில் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி 1970இல் அவருடைய அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அந்த ஏரியில் ஓட்டுவதற்குத் தாமே மிதிபடகு வரைந்து செய்தவர் அவர். பிறந்த ஊரில் ஒரு ஏரி இருக்க, உழைத்த ஊரின் ஏரியைத் தேர்ந்தவர் வரைந்த நாற்காலிகள் பின்னால் எதிர்த் திசையில் பயணம் போயின.

எஃகும் பிளாஸ்டிக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் தேக்கு நாற்காலி பழசாகிவிட்டது. சுழலும் நாற்காலி வந்தவருக்கு மதிப்பு, பிரம்பில் உட்கார்ந்தவர் பின்தங்கியவர். கால் ஆடியவை மொட்டைமாடிக்கும் படிக்கட்டின் அடிக்கும் போயின. மழை பிரம்பைத் தின்றது. இடம் அடைத்தபோது துறைகள் ‘கழிவு செய்யப்பட்ட தளவாடங்கள்’ என்று ஏலம் விட்டன. பழைய சாமான் வியாபாரிகள் மரத்தின் எடைக்கு மதிப்புப் போட்டு, சொற்ப விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். சில விறகாயின.

1990களின் இறுதியில் பாரிஸ் வியாபாரிகள் வந்தார்கள். எரிக் துஷலோம், பிலிப் ஜூஸ், பத்ரிக் சேகன், ஃபிரான்சுவா லாஃபனூர் ஆகியோர் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். குவியலில் கிடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏலத்தில் முறைப்படி கேட்டு எடுத்தார்கள். ரசீது கையில் இருந்தது. திருட்டு என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. விற்றது நாம். என்ன விற்கிறோம் என்று பார்க்காமல் விற்றதும் நாம். அவர்கள் எடுக்காமல் போயிருந்தால் இன்னும் பல நாற்காலிகள் அடுப்புக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை.

ஆனால் அதன்பின் நடந்ததை நான் மன்னிக்க மாட்டேன். கண்டெய்னரில் கடல் கடந்த நாற்காலியைப் பட்டறையில் பிரித்தார்கள். நாற்பது ஆண்டு வியர்வையும் மையும் படிந்த மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினார்கள், புதுப் பிரம்பு பின்னினார்கள், நீதிபதியின் மெத்தைக்கு வேறு தோல் தைத்தார்கள். தேய்த்த வேகத்தில் பல நாற்காலிகளில் எழுத்தும் எண்ணும் போயின. பிறகு சந்தை புத்தி தெளிந்தது. எண் இருந்தால்தான் அசல் என்று விலை கூடியது. எண் உள்ளவற்றை அப்படியே காப்பாற்றினார்கள். போலி செய்பவர்கள் புது மரத்தில் பழைய எண்ணை எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஒரு எழுத்தர் தன் கடமைக்காக எழுதி வைத்த எண், பெருவிலைக்குச் சான்றிதழாக மாறிவிட்டது.

2007இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலம். பிறகு லண்டன், பாரிஸ், சிகாகோ. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆண்டுதோறும் நடந்த வடிவமைப்புச் சந்தையில் பாரிஸ் காட்சிக்கூடங்கள் சண்டிகர் நாற்காலிகளை வெள்ளை மேடையில் நிறுத்தி, மேலே விளக்குப் போட்டுக் காட்டின. அதே பாசலிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் ஜெனீவா வந்துவிடும். வரைந்தவரின் நாட்டுக்கு நாற்காலி வந்து சேர்ந்தது, ஆனால் உட்காருவதற்காக இல்லை.

இந்தப் பயணத்தை ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் ‘ப்ரொவெனன்ஸ்’ என்ற படமாக எடுத்தார். பின்னணி உரை இல்லாத படம். செல்வந்தர்களின் வீடுகளில் தொடங்கி, ஏலக் கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய்ச் சண்டிகரில் முடிகிறது. அந்தப் படத்தையே அவர் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். படம் சொல்வதை அந்த ஏலமும் சொல்லிவிட்டது.

மன்றோவின் தங்கமுலாம் நாற்காலிகளுக்கு என்ன ஆயிற்று? சண்டிகரில் நடந்ததுதான். பழசான சாமானை விற்று வரும் காசில் புதிது வாங்குவது அந்த மாளிகையின் வழக்கம். 1860இல் ஜேம்ஸ் புகேனன் காலத்தில் பெலாஞ்சேயின் நாற்காலிகள் ஏலம் போயின. 53 சாமான்களில் பெரும்பாலானவை சிதறின. நூறு ஆண்டு கழித்து 1961இல் அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி ஜாக்குலின் கென்னடி குழு அமைத்துத் தேடத் தொடங்கியபோது ஒரு நாற்காலி நன்கொடையாக வீடு திரும்பியது. பிறகு இன்னும் சில கிடைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. வரலாற்று மதிப்புள்ள சாமான் அந்த மாளிகைக்கு வேண்டாமென்றால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஏலத்துக்குப் போகக் கூடாது.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. வெளிநாட்டு ஏலங்களின் செய்தி வந்து சலசலப்பு எழுந்தபின், 2011 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியத் தளவாடங்களை விற்கத் தடை விதித்தது. கணக்கெடுத்ததில் ஏறத்தாழ 12,800 சாமான்கள் மிஞ்சியிருந்தன. நாட்டுக்குள் விற்பதை நிறுத்த இந்த உத்தரவு பயன்பட்டது. வெளியே போனவற்றைத் திரும்பக் கேட்க அது உதவாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொன்மைப்பொருள் ஆக நூறு வயது நிரம்ப வேண்டும். உயர் நீதிமன்றத் திறப்புக்குச் செய்த நாற்காலிக்கு நூறு ஆவது 2055இல். இந்தியத் தூதரகங்கள் ஏலத்தை நிறுத்தச் சொல்லி எழுதும் கடிதங்களுக்கு ஏலக்காரர்கள் கேட்கும் ஒரே கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான். 2016இல் யுனெஸ்கோ, லெ கொர்புசியேவின் 17 படைப்புகளை உலக மரபுச் சின்னமாக்கியது. சண்டிகர் தலைமை வளாகமும் ஜெனீவாவின் க்ளார்தேயும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. கட்டடத்துக்குக் காவல் கிடைத்தது. அதற்குள் இருந்த நாற்காலிக்குக் கிடைக்கவில்லை.

சண்டிகர் செக்டர் 5இல் ஜான்னரே குடியிருந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய வரைபடங்களும் கடிதங்களும் மாண்ட்ரியலில் கனடியக் கட்டடக்கலை மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெங்களூரில் ‘பேன்டம் ஹேண்ட்ஸ்’ பட்டறையிலும் இத்தாலியின் கசீனா தொழிற்சாலையிலும் இதே வடிவங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வடிவம் அழியாது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. நான் கவலைப்படுவது எண்ணைப் பற்றி. எந்த நீதிமன்ற அறையில் இருந்தது, எந்த விடுதியில் யார் படித்தது, எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று சொல்ல அந்த எண்ணும் அதற்கு இணையான பதிவேட்டின் வரியும் தவிர வேறு எதுவும் கிடையாது. எண் அழிந்துவிட்டால் மிஞ்சுவது அழகான மரம் மட்டுமே.

என் இழுப்பறையில் உள்ள மஞ்சள் தாள் 2021 மே முதல் கடையில் செல்லாது. ஆனால் சுவிஸ் தேசிய வங்கியில் கொடுத்தால் பத்து பிராங்க் தருவார்கள். அதற்குக் கெடு ஏதும் இல்லை. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து என் பேரன் கொண்டுபோனாலும் தருவார்கள். புழக்கத்திலிருந்து எடுத்துவிட்ட பொருளையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் நாடு அது. அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் கட்டடங்களின் நாற்காலிகளுக்கு நம்மிடம் அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை.

இது சண்டிகரோடு முடிகிற விஷயமும் அல்ல. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் பழைய நீதிமன்றங்களிலும் ரயில்வே ஓய்வறைகளிலும் தேக்கு அலமாரிகளும் பிரம்பு நாற்காலிகளும் நீண்ட கைச் சாய்வு நாற்காலிகளும் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊரில் ‘கழிவு செய்யப்பட்ட தளவாடங்கள் ஏலம்’ என்று அறிவிப்பு ஒட்டியிருந்தால் ஏலத் தேதிக்கு முன்னால் ஒரு முறை போய்ப் பாருங்கள். சாமான்களைப் பார்வையிட யாரும் தடுக்க மாட்டார்கள். நாற்காலியைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.